"பணம் இல்லைன்னா என்னம்மா செய்ய முடியும்?"

என் அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது. அப்பா வேறு பக்கத்தில் நின்றுகொண்டு, "கொடு, நான் பேசுகிறேன்" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போன வருடம் குளிர்காலத் தொகை, அதுதான் வீட்டைச் சூடாக்க முதியவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற பணம், நின்றுபோனதைப் பற்றி நான் மறுபடியும் ஆரம்பித்தேன். நீ, "பணம் இல்லைன்னா என்னம்மா செய்ய முடியும்? வேற வழியில்லை" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, தெரியும். டார்லிங்டனில் ட்ரெஷரி அலுவலகத்தில், பிரிட்டனின் நிதி அமைச்சகத்தில், நீ சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அங்கே தினமும் காதில் விழுகிற பேச்சு உன் வாயிலும் வந்துவிட்டது. ஆனால் அந்த "வேற வழியில்லை" என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது கண்ணு. அதனால்தான் எழுதுகிறேன்.

நெருக்கடியே பொய் என்று நான் சொல்லவில்லை. 2022 செப்டம்பர் 23 உனக்கு நினைவிருக்கும், நீ மான்செஸ்டரில் முதல் வேலையில் இருந்தாய். அப்போதைய நிதி அமைச்சர் குவாசி குவார்டெங் 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார். அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. அரசாங்கக் கணக்கைச் சுதந்திரமாகச் சரிபார்க்கும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பையும் வெளியிடவில்லை. திங்கட்கிழமை பவுண்டு 1.03 டாலர் வரைக்கும் விழுந்தது. அரசாங்கக் கடன் பத்திரங்களின் விலை சரிந்தது. அந்தப் பத்திரங்களை நம்பியிருந்த பென்ஷன் நிதிகள் அவசரமாகப் பணம் கட்ட வேண்டி வந்து, அதே பத்திரங்களையே விற்றன. விற்க விற்க விலை இன்னும் சரிந்தது. புதன்கிழமை நாட்டின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து தானே இறங்கி வாங்க வேண்டியதாயிற்று. அக்டோபர் 14-ல் குவார்டெங் போனார், 20-ல் பிரதமர் லிஸ் டிரஸ் ராஜினாமாவை அறிவித்தார். நம் தெருவில் வீடு வாங்க இருந்த அந்த இளம் தம்பதிக்கு, பேசி முடித்திருந்த வீட்டுக் கடன் ஒரே வாரத்தில் கைவிட்டுப் போனது. அந்தப் பெண் நம் வாசலில் நின்று அழுதாள். கடன் கொடுப்பவர்களை மதிக்காமல் ஒரு அரசாங்கம் நடந்தால் அடி எங்கே விழும் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். இப்போது வட்டிக்கு மட்டும் இந்த நாடு வருடத்துக்கு 100 பில்லியன் பவுண்டுக்கு மேல் கட்டுகிறது. ராணுவச் செலவைவிட அதிகம். இதெல்லாம் எனக்குப் புரிகிறது.

ஆனால் "வேற வழியில்லை" என்பதை நான் இந்த நாட்டில் இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன்.

1992 செப்டம்பர் 16, புதன்கிழமை. நீ பிறக்க இன்னும் ஐந்து வருடம் இருந்தது. லண்டனில் இந்த ஈஸ்ட் ஹாம் வீட்டை வாங்கி இரண்டே வருடம். பவுண்டின் மதிப்பை ஜெர்மன் மார்க்கோடு கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டு அவிழாமல் இருக்க வட்டி உயர்ந்தேதான் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலையில்லாதவர்கள் 25 லட்சத்தைத் தாண்டியும் அதையேதான் சொன்னார்கள். அன்று காலை 11 மணிக்கு வட்டி 10 சதவீதத்திலிருந்து 12 ஆனது. மதியம் இரண்டேகாலுக்கு, நாளை முதல் 15 என்றார்கள். அப்பா வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் கேஸ் பில் வந்த கவரின் பின்பக்கத்தில் வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போட்டார். மூன்று வரிசை: பத்து, பன்னிரண்டு, பதினைந்து. மூன்றாவது வரிசைக்குக் கீழே என் சம்பளத்தையும் சேர்த்து எழுதிப் பார்த்தார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று போய்ப் படுத்துவிட்டார். அந்தக் கவர் இன்னும் பீரோவில் இருக்கிறது, வரும்போது காட்டுகிறேன்.

இரவு ஏழரைக்கு மேல் நிதி அமைச்சர் நார்மன் லாமான்ட் உங்கள் ட்ரெஷரி வாசலில் நின்று, அந்த ஏற்பாட்டிலிருந்தே விலகுவதாக அறிவித்தார். அந்தப் பதினைந்து சதவீதம் அமலுக்கே வரவில்லை. அடுத்த ஜனவரியில் வட்டி 6-க்கு இறங்கிவிட்டது. இவர்களாக மனம் மாறி வெளியே வரவில்லை, சந்தைதான் பிடித்து வெளியே தள்ளியது. ஆனாலும், இரண்டு வருடமாக இல்லாத வழி ஒரே ராத்திரியில் வந்ததே! அதற்குள் கடையை மூடியவர்களும், வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்களும் எத்தனை பேர்? அவர்களிடம் யாரும் வந்து, "இன்னொரு வழியும் இருந்தது" என்று சொல்லவில்லை.

இதற்கு அறுபது வருடம் முந்தைய கதை ஒன்றை நான் நூலகத்தில்தான் படித்தேன். 2010-க்குப் பிறகு அரசாங்கம் கவுன்சில்களுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்தபோது எங்கள் நூலகத்தையும் வாரத்தில் மூன்று நாள் என்று ஆக்கினார்கள். மூடியிருந்த நாள்களில் நான் சரித்திரப் பகுதியை அடுக்கிக்கொண்டிருப்பேன். 1931-ல் பிரதமர் ராம்சே மெக்டொனால்டின் லேபர் கட்சி அரசு. பவுண்டைத் தங்கத்தின் மதிப்போடு கட்டி வைத்திருந்த காலம். தங்கம் வெளியேறிக்கொண்டே இருந்தது. நியூயார்க்கில் கடன் கேட்டார்கள். நம்பிக்கை வர வேண்டுமென்றால் வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் தொகையைப் பத்து சதவீதம் குறைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அமைச்சரவையில் 11 பேர் சரி என்றார்கள், 9 பேர் முடியாது என்றார்கள். அதோடு அந்த அரசு உடைந்தது. மெக்டொனால்டே எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து புதிய அரசு அமைத்து, வாரம் 17 ஷில்லிங்காக இருந்ததை 15 ஷில்லிங் 3 பென்ஸ் ஆக்கினார். எதைக் காப்பாற்ற இதைச் செய்தார்களோ தங்கத்தோடு இருந்த அந்தப் பிணைப்பை, புதிய அரசு வந்த நாலே வாரத்தில், செப்டம்பர் 21-ல், அவர்களே அவிழ்த்துவிட்டார்கள். தங்கம் போனதால் உலகம் இடிந்து விழவில்லை. ஷில்லிங்கைப் பறிகொடுத்தவர்களுக்கு அது உடனே திரும்பியும் வரவில்லை.

1976 பற்றி நீயே படித்திருப்பாய். பவுண்டு சரிந்துகொண்டிருந்தபோது, நிதி அமைச்சர் டெனிஸ் ஹீலி விமானம் ஏறப் போனவர் ஹீத்ரோவிலிருந்து திரும்பி வந்தார், சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.பிடம் 390 கோடி டாலர் கடன் கேட்டார்கள், செலவை வெட்டினார்கள். அரசாங்கம் எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்கும் என்று ட்ரெஷரி போட்ட கணக்கு மிக அதிகம் என்பது பின்னால்தான் தெரிந்தது. கேட்ட கடனில் பாதியைத்தான் எடுத்தார்கள். உன்னைப் போல யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்குதானே அது என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலையில் அப்போது நிதி அமைச்சராக இருந்த ரேச்சல் ரீவ்ஸ், அரசாங்கக் கணக்கில் 22 பில்லியன் பவுண்டு பள்ளம் இருக்கிறது என்று சொல்லி, பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான கூடுதல் உதவி) போன்றவற்றை வாங்காதவர்களுக்குக் குளிர்காலத் தொகையை நிறுத்தினார். சுமார் ஒரு கோடிப் பேருக்கு நின்றுபோனது. இதைச் செய்யாவிட்டால் பவுண்டே சரிந்திருக்கும் என்கிற மாதிரி ஒரு அமைச்சர் பேசினார். பக்கத்து வீட்டு அம்மாவின் பென்ஷன் வாரத்துக்கு 221 பவுண்டு 20 பென்ஸ். பென்ஷன் கிரெடிட்டுக்கான வரம்பு 218 பவுண்டு 15 பென்ஸ். வாரத்துக்கு மூன்று பவுண்டு ஐந்து பென்ஸ் கூடுதலாக வாங்கியதற்காக 200 பவுண்டு போனது. கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நானும் அவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை கூட்டிக் கழித்தோம், ஏதோ தப்பாக இருக்கும் என்று. தப்பே இல்லை.

மே மாத உள்ளூர்த் தேர்தலில் அடி விழுந்த பிறகு, 2025 ஜூனில், 35,000 பவுண்டு வரை வருமானம் உள்ளவர்களுக்கு மறுபடியும் கொடுப்பதாக அறிவித்தார்கள். பவுண்டு அப்படியேதான் இருந்தது.

அதே வருடம் மார்ச்சில் நடந்ததுதான் என்னை இதைவிட வருத்தியது. அரசாங்க வரவு செலவுக்கு ரீவ்ஸ் தானே வகுத்த விதிப்படி மிச்சம் வைத்திருந்த 9.9 பில்லியன் பவுண்டு கரைந்துபோயிருந்தது. உடல் முடியாதவர்களுக்குக் கொடுக்கும் உதவியில் வெட்டு அறிவித்தார்கள். இதில் நீங்கள் சொல்லும் அளவுக்கு மிச்சமாகாது என்று பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் சொன்னது. உடனே, புதிதாக விண்ணப்பிக்கும் நோயாளிகளுக்குப் பாதியாக்கிய தொகையை 2030 வரை ஏற்றமாட்டோம் என்று இன்னொரு வெட்டைச் சேர்த்தார்கள். கடைசியில் மிச்சம் எவ்வளவு தெரியுமா? மறுபடியும் அதே 9.9. ஒரு எண் திரும்ப வருவதற்காக எங்கோ நோயோடு படுத்திருப்பவரின் பணத்தைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். நோய்க்கும் அந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஜூலையில் 120-க்கும் மேற்பட்ட லேபர் எம்.பி.க்கள் எதிர்த்து நின்ற பிறகு அந்தத் திட்டத்தின் பெரிய பகுதியை வாபஸ் வாங்கினார்கள். அதற்கு மறுநாள் ரீவ்ஸ் நாடாளுமன்றத்தில் கண்ணீர் விட்டார், கடன் பத்திர வட்டி சட்டென்று ஏறியது. டி.வி.யில் அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் பாவமாக இருந்தது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கழுத்தில் கயிறு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பணம் போதவில்லை என்பது ஒன்று, அதை யாரிடமிருந்து எடுப்பது என்பது வேறு. முதலாவதைச் சந்தை சொல்லலாம். இரண்டாவதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள், உங்கள் அலுவலகத்தில் தயாராகிற குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு. கடன் கொடுத்தவர் கோபித்தால் அன்று மதியமே தெரிகிறது. பக்கத்து வீட்டு அம்மா கோபித்தால் அடுத்த தேர்தலில்தான் தெரியும். அதனால் யாரைத் தொடுவது சுலபம் என்று எல்லா அரசாங்கத்துக்கும் தெரிகிறது. நீ எழுதுகிற குறிப்பில் "வேற வழியில்லை" என்று வரும்போது, பார்த்து ஒதுக்கிய வழிகள் இன்னின்னவை, அவற்றில் யாருக்கு எவ்வளவு போகும் என்றும் சேர்த்து எழுது. மேலே இருப்பவர்கள் வெட்டிவிடுவார்கள் என்றால் வெட்டட்டும். நீ எழுதாமல் விட்டதாக இருக்க வேண்டாம்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? அப்பா கரும்புக்குச் சொல்லி வைத்துவிட்டார். வந்ததும் பக்கத்து வீட்டுக்கு ஒரு அரை மணி நேரம் போய்விட்டு வா, உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இந்தக் குளிர்காலத்துக்கு அவருக்குப் பணம் வந்துவிட்டது. ஆனாலும் ஹீட்டரைப் போடுவதில்லை. அடுத்த வருடம் மறுபடியும் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று அந்த 200 பவுண்டை அப்படியே வைத்திருக்கிறார். உள்ளே போகும்போது கோட்டைக் கழற்றாதே.

அன்புடன்,
அம்மா