ஆம்புலன்ஸில் ரத்தம்: தூரத்தை முதலில் கணக்கிடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்தில் அடிபட்டு ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு, மருத்துவமனை போய்ச் சேரும்வரை காத்திராமல் வழியிலேயே ரத்தம் ஏற்ற வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ரத்த வங்கியில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரையின் நோக்கம் எனக்கு முழுச் சம்மதமே. ஆனால், ‘எல்லா ஆம்புலன்ஸிலும் ரத்தப் பைகள் இருக்க வேண்டும்’ என்று அது முடிந்த இடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்துக்கான காரணங்களை விளக்கவே இக்கடிதம்.

முதலில், சலைன் எனும் உப்புநீர் ரத்தத்துக்கு ஈடாகாது என்பதில் கட்டுரையாளரோடு உடன்படுகிறேன். ரத்தம் இழந்தவருக்கு உப்புநீரை ஏற்றினால் அழுத்தமானியில் எண் சற்று ஏறும். பார்ப்பவர்களுக்கும் நிம்மதி பிறக்கும். ஆனால் அந்த நீர் ஆக்ஸிஜனைச் சுமக்காது, காயத்தில் ரத்தத்தை உறைய வைக்கவும் செய்யாது. மிச்சமிருக்கும் உறைவுக் காரணிகளை நீர்க்கச் செய்து, உடலைக் குளிரவைத்து, ரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டுவதோடு, ஏறிய அழுத்தத்தால் அப்போதுதான் காயத்தில் உருவான ரத்தக்கட்டியையும் பிய்த்தெறியக்கூடும். குளிர்ச்சி, அமிலத்தன்மை, உறையாமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்த்துவிடுவதால், அந்தச் சுழலில் ஒருமுறை சிக்கியவரை மீட்பது அறுவைச் சிகிச்சை நிபுணருக்கும் கடினம். அமெரிக்காவின் ஹூஸ்டனில், உடலின் நடுப்பகுதியில் குத்துக்காயமோ குண்டுக்காயமோ பட்ட 598 பேரிடம் செய்யப்பட்டு 1994-ல் வெளியான ஆய்வில், வழியிலேயே ரத்தக்குழாய் வழியே திரவம் பெற்றவர்களில் 62 சதவீதமும், அறுவை அரங்கு சேரும்வரை அது நிறுத்திவைக்கப்பட்டவர்களில் 70 சதவீதமும் பிழைத்தனர்.

அப்படியென்றால் ரத்தத்தையே கொடுத்துவிடலாமே என்பது இயல்பான அடுத்த கேள்வி. அது புதிய கேள்வியும் அல்ல. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, 1936-ன் இறுதியில், கனடா மருத்துவர் நார்மன் பெத்யூன் குளிரூட்டிய ரத்தத்தைப் புட்டிகளில் அடைத்து வண்டியில் போர்முனைக்கு அருகே கொண்டுசென்றார். நம் காலத்தில், ஆப்கானிஸ்தானில் காயமுற்ற 502 அமெரிக்கப் படையினரின் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வின்படி, ஹெலிகாப்டரிலேயே ரத்தமோ, அதன் அணுக்கள் நீக்கிய திரவப் பகுதியான பிளாஸ்மாவோ பெற்ற 55 பேரில் 3 பேரும், பெறாத 447 பேரில் 85 பேரும் 24 மணி நேரத்துக்குள் இறந்தனர். இந்த எண்கள் யாரையும் அசைக்கும். ஆனாலும் இது பதிவேட்டிலிருந்து பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. அதிலிருந்தவர்களும் கட்டுடல் கொண்ட இளைஞர்கள். அந்த எண்களை அப்படியே சாலை விபத்துக்குப் பொருத்திவிட முடியாது.

குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனைகளோ ஆளுக்கொரு விடை தந்தன. 2018-ல் வெளியான இரண்டு அமெரிக்கச் சோதனைகளை மட்டும் பாருங்கள். ஹெலிகாப்டரில் ஏற்றிச் செல்லப்பட்ட 501 பேரிடம் நடந்த சோதனையில், வழியில் பிளாஸ்மா பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.2 சதவீதம், பெறாதவர்களில் 33 சதவீதம். அதே ஆண்டு வெளியான, டென்வர் நகரில் தரைவழி ஆம்புலன்ஸில் நடந்த பிளாஸ்மா சோதனையில் பலன் எதுவும் தென்படவில்லை. ஒரே மருந்து, ஏன் இரு விடை? இரண்டின் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு துப்புக் கிடைத்தது: பயணம் 20 நிமிடத்தைத் தாண்டியவர்களிடமே பிளாஸ்மாவின் நன்மை தெரிந்தது. நகருக்குள் மருத்துவமனை அருகிலேயே இருந்தால், பையைத் தொங்கவிட்டு ஊசி ஏற்றும் நேரத்துக்குள் வண்டி வாசலை அடைந்துவிடுகிறது. பிறகு 2022-ல் வெளியான பிரிட்டன் சோதனையில், 432 பேரில் ஒரு பகுதியினருக்குச் சிவப்பணுவும் உலர் பிளாஸ்மாவும், மற்றவர்களுக்கு வெறும் சலைனும் தரப்பட்டன. இறப்பு, திசுக்களின் ஆக்ஸிஜன் பற்றாக்குறையைக் காட்டும் லாக்டேட் தணியாமை ஆகியவற்றை ஒன்றாகக் கணக்கிட்டதில் 64, 65 சதவீதம் என்று இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. கோவிட் காலத்தில், திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுமுன்பே அது நிறுத்தப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது. ரத்தம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. எல்லோருக்கும் வேண்டும் என்று வாதிட இது இடம் தரவில்லை, அவ்வளவே.

இனி, கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன, எங்களைப் போன்றவர்களின் உறக்கத்தைக் கெடுக்கும் விஷயம். சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குளிர்ப்பெட்டிக்கு வெளியே அரைமணி நேரத்துக்கு மேல் கிடந்த பையைத் திருப்பிச் சேர்க்கமாட்டோம் என்பது ரத்த வங்கிகளில் பழகிவந்த விதி. வெயிலில் நிற்கும் வண்டியில் ஒவ்வொரு மணிக்கும் வெப்பநிலையை யார் பார்ப்பது? பையிலுள்ள ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கும் குறுக்குப் பொருத்தம் பார்க்க அவகாசம் இல்லாததால் ஓ பிரிவுச் சிவப்பணுவைத்தான் கொடுக்க வேண்டும். கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் சிறுமியருக்கும், பிற்காலக் கருவைக் காப்பதற்காக, அதிலும் ஆர்எச் நெகட்டிவ். எங்கும் எப்போதும் தட்டுப்பாடான பை அது. பத்து வண்டிகளில் பயன்படாமல் காலாவதியாகும் பத்துப் பைகள், பிரசவ அறையில் இன்னொருத்திக்குக் கிடைக்காமல் போகும் பத்துப் பைகள். பிளாஸ்மாவின் நிலை வேறு. உறையவைத்ததை உருக்க நேரம் பிடிக்கும். உலர்த்திய தூளாக இருந்தால் அறை வெப்பத்தில் வைத்து, தேவைப்படும்போது சில நிமிடங்களில் கரைத்துக்கொள்ளலாம். வண்டிக்கு ஏற்றது அதுவே என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த பையைச் சூடாக்காமல் ஏற்றினால், எந்தக் குளிர்ச்சியைத் தடுக்க வந்தோமோ அதையே நாமே உண்டாக்குவோம். ரத்தம் உறையாமலிருக்கப் பையில் சேர்க்கும் சிட்ரேட் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், பல பைகள் ஏறும்போது கால்சியமும் கொடுக்க வேண்டும். முதல் பையை ஏற்றும் முன் ஒரு குழாயில் நோயாளியின் ரத்தம் எடுத்து, பெயர் தெரியாவிட்டாலும் அடையாள எண் எழுதி ஒட்டுவது பரபரப்பில் மிக எளிதாக விட்டுப்போகும் வேலை. ஓ பிரிவு ரத்தம் இரண்டு மூன்று பை ஏறிய பிறகு வரும் மாதிரியில் அவருடைய சொந்தப் பிரிவைத் துல்லியமாகக் கண்டறிய முடியாமல் நாங்கள் தவித்ததுண்டு. பிரிவு தெரியும்வரை ஓ பைகளையே தொடர்ந்து கொடுத்துக் கையிருப்பைத் தீர்க்க வேண்டியதாயிற்று.

ரத்தத்துக்கு முன்பே செய்யக்கூடியவை பல இருக்க, அவற்றைக் கட்டுரை தொடவே இல்லை. காயத்தை அழுத்திப் பிடிப்பது, கை கால் காயத்துக்கு மேலே ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டையான டூர்னிக்கெட்டை இறுக்குவது, உடைந்த இடுப்பெலும்பைப் பட்டையால் கட்டுவது ஆகியவற்றுக்குக் குளிர்ப்பெட்டி தேவையில்லை. 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 40 நாடுகளில் நடத்தப்பட்டு 2010-ல் வெளியான ஆய்வில், ரத்தக்கட்டி கரைவதைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் இறப்பை 16 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைத்தது. விலை குறைவான மருந்து. ஆனால் காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், அதன்பின் கொடுத்தால் தீங்காகலாம். இவை சீராக நடக்காத ஒரு வண்டியில் ரத்தப் பையை வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகவே, மருத்துவமனைக்குப் போக நெடுநேரம் ஆகும் பாதைகளுக்கான வண்டிகளிலும், ஹெலிகாப்டர்களிலும் ரத்தத்தை முதலில் வைக்கட்டும். காலாவதி நெருங்கும் பைகள் அருகிலுள்ள மருத்துவமனைக்குத் திரும்பிச் செலவாகும்படி சுழற்சி முறை வகுக்கட்டும். குறுகிய பாதைகளில், வண்டி கிளம்பும்போதே தொலைபேசியில் தெரிவித்து, நோயாளி இறங்கும் படுக்கையருகே ரத்தமும் சூடேற்றும் கருவியும் தயாராக நிற்க ஏற்பாடு செய்தால் போதும். இத்தகைய திட்டங்களைப் பற்றித் தாங்கள் மீண்டும் எழுதும்போது, எத்தனை பேருக்கு ரத்தம் ஏற்றப்பட்டது என்பதோடு, வண்டியில் போன பைகளில் எத்தனை வீணாயின என்பதையும், அதற்காகச் சம்பவ இடத்தில் எத்தனை நிமிடம் கூடுதலாக நின்றார்கள் என்பதையும் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரத்த வங்கி ஊழியர்