உடன்படிக்கையைத் தீவுக்காரரும் வாசிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் இந்தியப் பிரதமரும் எமது ஜனாதிபதியும் சந்தித்தபோது கைச்சாத்தான உடன்படிக்கைகளைப் பற்றித் தங்கள் பத்திரிகை விரிவாக எழுதியிருந்தது. இரு நாட்டு மின்கட்டமைப்புகளையும் இணைக்கப் போகிறார்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேர்த்துக்கொண்டு திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் போகிறார்கள். சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குத் தொடக்க விழாவும் ஆகிவிட்டது. எல்லாம் நல்லதுதான். யாழ்ப்பாணக் கரைக்கு அப்பால் நெடுந்தீவில் இருக்கும் எனக்கு ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது: எங்கள் தீவின் மின்சாரம் என்ன ஆயிற்று?

இந்தத் தீவு, நாட்டின் மின்கட்டமைப்போடு இணையாதது. படகில் வரும் டீசலில் ஓடும் இயந்திரம்தான் எங்களுக்கு விளக்கேற்றுகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் வெயிலும் கலந்த மின் திட்டம் ஒன்றை ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு செய்வதென்று முடிவாகி, 2021 ஜனவரியில் அமைச்சரவை அதை ஒரு சீன நிறுவனத்திடம் கொடுத்தது. இங்கிருந்து இராமேஸ்வரம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையைக் காரணம் காட்டிச் சீனா விலகிக்கொண்டது. அடுத்த மார்ச் 28ஆம் திகதி இந்தியாவோடு புதிய உடன்படிக்கை. நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு அமுலான அதே வாரம்! டீசல் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த அந்த நாட்களை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனமொன்றுடன் ஒப்பந்தமாயிற்று. இந்தியாவின் நன்கொடை 11 மில்லியன் டொலர்.

நான் எந்த நாட்டின் பக்கமும் பேசவில்லை. வெயிலுக்கும் காற்றுக்கும் கடவுச்சீட்டுக் கேட்கும் அளவுக்கு எங்கள் தீவு யாருக்கு முக்கியமாயிற்று என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் பேரம் பேசிய ஆண்டுகளில் எரிந்த டீசலின் கணக்கை எந்தத் தலைநகரமும் கேட்டதில்லை. இங்கே ஓர் அலகு மின்சாரத்தை உற்பத்தி செய்ய மின்சார சபைக்கு ஆகும் செலவு, நாங்கள் கட்டும் கட்டணத்தை விட அதிகம். அந்த நட்டம் கடைசியில் எல்லோர் தலையிலும்தான் விழுகிறது.

திட்டத்தின் விபரங்களையும் பாருங்கள். மூன்று தீவுக்குமாகச் சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட், காற்று 530, மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாட் மணி, காத்திருப்பு டீசல் இயந்திரம் 2,500 கிலோவாட். வெயிலும் காற்றும் சேர்ந்தாலும் 2,230தான்; டீசல் அதைவிடப் பெரிது. பொறியியலாளர்களுக்கு அதற்குக் காரணம் இருக்கும். மின்கலம் களைத்த இரவில் தீவு இருட்டக் கூடாது என்பது எனக்கும் புரிகிறது. அப்படியானால் அந்தப் பெரிய இயந்திரம் எந்த அளவுக்கு ஓடும், அதற்கான எண்ணெயை யார் தருவது, நன்கொடைக் காலம் முடிந்த பின் மின்கலத்தை யார் மாற்றுவது? பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் இவற்றுக்கு விடையாக ஒரு தாள்கூட இதுவரை என் கண்ணில் படவில்லை.

எங்கள் காற்றின் குணத்தையும் சொல்ல வேண்டும். சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் உப்பு எதையும் விடாது. என் வீட்டுத் திண்ணையில் மாட்டிய சிறிய சூரிய விளக்கின் தகடு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதைத் தாங்கிய இரும்புச் சட்டம் இரண்டாம் சோளகத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்து, திருகாணியின் தலை சாவிக்கே பிடிபடாமல் போயிற்று. பெரிய சுழலிக்கும் இதே காற்றுத்தான். பழுதென்றால் பெங்களூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. எங்களுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகு ஓடாத நாளும் இங்கே உண்டு. தீவுப் பிள்ளைகளில் சிலருக்கு இந்த வேலையைப் பழக்கிக் கொடுங்கள். எழுவைதீவில் இதே மாதிரியான சிறிய கலப்பு மின் நிலையம் சில ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே எது பழுதானது, எது நின்று பிடித்தது என்று கேட்டால் பாதிப் பாடம் அங்கேயே கிடைக்கும்.

மின்சாரம் மிஞ்சினால் முதலில் ஐஸுக்குக் கொடுங்கள். எங்கள் பக்கத் தொழிலாளர் பிடிக்கும் மீனுக்கான ஐஸ், உமி மூடிய பெட்டியில் கடல் கடந்து வருவதற்குள் ஓரம் கரைந்து விடுகிறது. மீனின் விலையும் அதோடு கரைகிறது.

மன்னாரிலும் இதே கதைதான். மன்னாருக்கும் பூநகரிக்குமான 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. பறவைகள், விலை, வழக்கு என்று எத்தனையோ பேச்சு நடந்தது. மன்னார்த் தீவாரின் பேச்சு அதில் கடைசி வரிசையில் நின்றது. அதே தீவின் மணலில் இல்மனைட் என்னும் தைட்டேனியக் கனிமம் இருக்கிறதென்று அவுஸ்திரேலிய நிறுவனமொன்று ஆராய்ந்து வருகிறது. கடல் மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த நிலம் அது; தோண்டினால் உப்புநீர் ஏறும் என்று அங்குள்ளவர்கள் அஞ்சுவதில் என்ன தவறு? திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் நெடுங்காலமாக அரசே கனிய மணல் எடுக்கிறது. அந்த இல்மனைட் இன்றும் பெரும்பாலும் பதப்படுத்தாத மண்ணாகத்தான் கப்பலேறுகிறது. பிராந்திய ஒத்துழைப்பு என்று சொல்கிறவர்கள் இதையும் பேசலாமே. நாகர்கோவிலுக்கு அருகே மணவாளக்குறிச்சியில் இதே வகை மணலைப் பிரித்தெடுக்கும் இந்திய அரசு ஆலை பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அங்கே கற்க வேண்டியதும் உண்டு, அந்தக் கரையோர மக்களிடம் கேட்டறிய வேண்டியதும் உண்டு.

கடைசியாக ஒன்று. இரு நாட்டையும் இணைக்கும் மின்வழி கடலுக்கடியால் வருவதானால், அந்தக் கடலின் அடியை இரவிரவாக வாரிக்கொண்டு போகும் இழுவைமடிகளை, அதாவது விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் பெரிய வலைகளை, என்ன செய்யப் போகிறார்கள்? எங்கள் வலைகளை அறுப்பது போல நாளை கேபிளில் கொளுவினால் இரண்டு அரசுகளும் ஒரே நாளில் விழித்துக்கொள்ளும். அதற்கு முன்பே, மின்வழியைத் திட்டமிடும் மேசைக்கு இரு கரை மீனவர் சங்கங்களையும் அழைக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தோடு உடன்படிக்கையின் தமிழ்ப் பிரதியையும் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கப் பணியாளர்,
நெடுந்தீவு