சாவிக்கொத்து

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

பதினைந்து வயதில் பைக் திருடி மாட்டிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி எழுதியிருந்தாய். "இவன் தேறமாட்டான்" என்று எல்லோரும் சொல்வதாகவும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1940-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் குற்றவியல் ஆய்வாளர்களான குளூக் தம்பதி, சீர்திருத்தப் பள்ளியில் இருந்த 500 பையன்களையும், அதே போன்ற ஏழைத் தெருக்களில் வளர்ந்து வம்புக்குப் போகாத 500 பையன்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அந்தக் காகிதங்கள் ஹார்வர்டின் ஒரு நூலக அடித்தளத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. 1980-களில் ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவற்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். பின்னர் 1990-களில், சீர்திருத்தப் பள்ளிப் பையன்கள் 70 வயது வரை என்ன ஆனார்கள் என்று தேடினார்கள். 52 பேரைக் கண்டுபிடித்து நேரிலேயே பேசினார்கள். சிலர் சீக்கிரம், சிலர் தாமதமாக, கிட்டத்தட்ட எல்லோருமே ஒரு கட்டத்தில் குற்றத்தை விட்டிருந்தார்கள். யார் எப்போது விடுவார் என்பதைச் சின்ன வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. நிலையான வேலை, நல்ல மணவாழ்க்கை, ராணுவம் என்று ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தியிருக்கிறது.

டெர்ரி மொஃபிட் என்ற உளவியலாளர் 1993-இல் தப்பு செய்யும் பிள்ளைகளை வேறு மாதிரி பிரித்தார். பெரும்பாலானோர் விடலைப் பருவத்தோடு விட்டுவிடுவார்கள், சிறுவயதிலேயே தொடங்கும் சிலர்தான் தொடர்வார்கள் என்றார். அப்படிப் பார்த்தாலும் உன் பக்கத்து வீட்டுப் பையன் முதல் கூட்டத்தில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அப்புறம், நம் வகுப்பில் சைக்கிள் மணிகளைக் கழற்றி விற்பானே, அவனைப் போன மாதம் ரயில் நிலையத்தில் பார்த்தேன். மகளின் புத்தகப் பையைத் தோளில் மாட்டியிருந்தான். எப்படிடா மாறினாய் என்று கேட்டேவிட்டேன். "வேலைக்குச் சேர்ந்த மூணாவது மாசம் முதலாளி ஊருக்குப் போனார். பட்டறைச் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துட்டுப் போனார். அன்னைக்கு ராத்திரி பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்தேன்" என்றான். சொல்லும்போது கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. எனக்குப் பேச்சே வரவில்லை.

பள்ளியில் அந்தப் பையனின் பெயரை இன்னும் நீக்கவில்லை என்றால், நீயே ஒரு தடவை போய்த் தலைமையாசிரியரிடம் பேசு. நீக்கிவிட்டார்கள் என்றாலும் போ. உன் பேச்சுக்கு அங்கே மரியாதை இருக்கும். என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்