அந்த ஒரு ‘ஆம்’

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம், பாதியில் நீ சிரித்துவிடுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அலமாரியை ஒழித்தபோது என் பழைய டைரி ஒன்று கிடைத்தது. எடுத்ததும் அட்டை தனியாகக் கையோடு வந்துவிட்டது. நீ பிறந்ததற்கு மறுவருட டைரி. நீ முதன்முதலில் நடந்த கதையை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! சுவரிலிருந்து கையை எடுத்தாய், ஏழு அடி வைத்தாய், எட்டாவதில் தள்ளாடி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாய். உன் விரல்கள் ஈரமாக இருந்தன என்பதுவரை சொல்வேன். டைரியில், நான் வேலையாகப் போய்த் தங்கியிருந்த வெளியூர் விடுதியின் பெயருக்குக் கீழே, என் கையெழுத்தில் இரண்டே வார்த்தை: “பாப்பா நடந்தாளாம்.”

அந்த ‘ஆம்’ இருக்கிறதே, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணால் கண்டவன் அப்படி எழுதமாட்டான்.

முதலில் டைரி மேல்தான் சந்தேகம் வந்தது, என் மேல் வரவில்லை. இந்தப் பிடிவாதத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறிய மறுநாள், செய்தி எப்படித் தெரிந்தது, அப்போது எங்கே இருந்தீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர். இரண்டரை ஆண்டுக்கு மேல் கழித்து மறுபடி கேட்டால், 44 பேரில் 11 பேர் சொன்னது எதுவுமே பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. அவரவர் கையெழுத்தையே காட்டியும் பழைய ஞாபகம் திரும்பவில்லையாம்.

நான் புளுகியதாக நினைக்காதே. முதல் தடவை சொன்னபோது கேள்விப்பட்டதாகத்தான் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல, வாசலில் நின்றவன் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து முழங்காலையும் நீட்டிவிட்டேன் போலிருக்கிறது.

உன்னைக் கேட்டும் பயனில்லை. அந்த வயது யாருக்கும் நினைவில் தங்காது. ஆனால் கால் மறக்கவில்லை, பார்த்தாயா? 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலேசன் என்பவருக்கு அதன்பின் புது நினைவே தங்கவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர். நாளுக்கு நாள் கை தேறியது. முன்பு வரைந்ததே மொலேசனுக்குத் தெரியாது. நம் வீட்டிலும்தான் பார்க்கிறேனே. கூடத்து சுவிட்சை இடம் மாற்றி நாலு வருடமாகிறது. போன தடவை நீ வந்தபோது, இருட்டில் உன் கை பழைய இடத்தைத்தான் தடவியது. நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். சொல்ல மனம் வரவில்லை.

சரி, பார்த்தவளையே கேட்போம் என்று உன் அம்மாவிடம் டைரியைக் காட்டினேன். “நான் எங்கே பார்த்தேன்? மாடியில் துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். உங்க அம்மா சொன்னதைத்தான் உங்களுக்குச் சொன்னேன்” என்கிறாள். பாட்டியை இனி எங்கே போய்க் கேட்பது?

உன் மகள் அடுத்த முறை இந்தக் கதையைக் கேட்டால் ‘நடந்தாளாம்’ என்றே சொல்லிவிடுகிறேன். அந்த ஈர விரல்களை மட்டும் விட மனசில்லை.

அன்புடன்,
அப்பா