தரையில் ஒட்டிய இரண்டு நிற டேப்புக்கு

அன்புள்ள மாணவர்களே, பெற்றோர்களே, மூத்த பெல்ட் தோழர்களே,

நம் கராத்தே பள்ளிக் கதவு மறுபடியும் திறந்துவிட்டது. நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள். கதவு மூடிக் கிடந்த நாள்களிலும் வகுப்பு நின்றுபோகவில்லை, போன் வீடியோவில் நடந்தது. அதற்குக் காரணமானவர்களுக்கு, நெஞ்சில் ஈரம் காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, தையல் வேலை செய்யும் அந்த அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அக்கா என்றே எழுதுகிறோம்.

போனில் கராத்தே சொல்லிக்கொடுக்கும்போது முதலில் இடறுவது குத்தும் உதையும் அல்ல, நிற்கும் நிலைதான். முன்னங்காலை மடக்கி நிற்கும் ஜென்குட்சு டாச்சி நிலைக்கு, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே நீளம் ஏறக்குறைய இரண்டு தோள் அளவு, பக்கவாட்டில் அகலம் ஒரு தோள் அளவு. கேமராவை நேரெதிரே வைத்தால் அகலம் தெரியும், நீளம் மறைந்துவிடும். பக்கவாட்டில் வைத்தால் நீளம் தெரியும். ஆனால் இரண்டு காலும் கயிற்றின்மேல் நடப்பதுபோல ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பது தெரியாது. வீட்டில் தனியாகப் பழகும் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கும் தவறு அதுதான். அகலம் போனால் இடுப்பு முன்னால் திரும்பாது. இடுப்பு திரும்பாத கியாக்கு சுக்கியில் (முன்காலுக்கு எதிர்க்கையால் விடும் குத்தில்) தோள் மட்டும் வேலை செய்யும், பின்னங்கால் குதிகால் எழும்பும். திரையில் தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் நிற்கும் பையனிடம் 'இன்னும் கொஞ்சம் அகலம்' என்றால் அவன் எவ்வளவு என்று எடுத்துக்கொள்வான்?

80 சென்டிமீட்டர் என்று எல்லா வீட்டுக்கும் ஒரே நீளத்தைச் சொல்லிவைத்தது எங்கள் தப்பு. வளர்ந்தவருக்கு அது ஏறக்குறைய சரி. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த நீளம் பொறி மாதிரி: பின் முழங்கால் தொங்கிப்போகும், அடுத்த எட்டு எடுக்க உடம்பை முதலில் மேலே தூக்க வேண்டியிருக்கும்.

கேட்காமலேயே அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. சட்டைக்கு அளவெடுப்பதுபோல மகளின் முதுகுப்புறம் தோள் எலும்பிலிருந்து தோள் எலும்பு வரை இஞ்ச் டேப் பிடித்திருக்கிறார். 31 சென்டிமீட்டர். தரையில் குறுக்கே 31, நெடுக்கே 62 வைத்து டேப் ஒட்டியிருக்கிறார். இடது காலுக்குச் சிவப்பு, வலது காலுக்கு நீலம். எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பதில்லையே என்று கீழே ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்த ஒரு படம் எங்களுடைய பல வாரத் திண்டாட்டத்தை முடித்தது. படம் மங்கினாலும் உடைந்தாலும் கால் டேப்பை ஒட்டி நிற்கிறதா, விலகி நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். கேமரா எந்தப் பக்கம் இருந்தாலும் நீளம், அகலம் இரண்டையும் தரையே சொல்லிவிடும். இடது வலதுக் குழப்பமும் ஒழிந்தது. நம் திரையில் நம் உருவம் கண்ணாடிபோலத் தெரிகிறது, எதிரே இருப்பவருக்கோ அப்படித் தெரிவதில்லை. நாங்கள் முகம் பார்த்து நின்று இடது கையைத் தூக்கினால் சின்னப் பிள்ளைகள் வலதைத் தூக்குவார்கள். 'சிவப்புக் கால் முன்னால்' என்றால் யாருக்கும் சந்தேகமில்லை.

படத்தோடு நிற்கவில்லை அவர். மாலை நேரங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை என்று பெற்றோருக்குச் சொல்லி, முழு வகுப்பின் அளவையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கராத்தே தெரியாது. உடம்பை அளக்கத் தெரியும்.

புதிதாக ஒட்டப்போகிறவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டவை சில. ஒரு அங்குலப் பேப்பர் டேப் போதும், எடுக்கும்போது பசை தங்காது. வழவழப்பான பிளாஸ்டிக் டேப் வேண்டாம், வியர்வை பட்டால் வழுக்கும். எந்த டேப்பானாலும் பாதத்துக்கு அடியில் வரக்கூடாது. பாதத்தின் வெளி ஓரத்தை ஒட்டி ஒரு கோடு, குதிகாலுக்குப் பின்னால் ஒரு கோடு, இப்படி 'ட' வடிவில் வர வேண்டும். பின்னங்காலின் கோட்டை மட்டும் வெளிப்பக்கமாக 30 பாகை போலச் சாய்த்து ஒட்டுங்கள்; நேர்குறுக்கே ஒட்டினால் பாதமும் அப்படியே திரும்பிக்கொண்டு இடுப்பைப் பூட்டிவிடும். பிள்ளைகள் வளர்வார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும்.

இனி, மற்ற எல்லாரும். தனித்தனியாக எழுதினால் மடல் நீண்டுவிடும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டுப் பொய்க்கூரையில் குத்துப்பையைத் தொங்கவிட இருந்தவர்களைத் தடுத்து, கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டுக்கொடுத்த கட்டட வேலைக்காரத் தகப்பனாருக்கு நன்றி. 30 கிலோ பை சும்மா தொங்கும்போது 30 கிலோதான். உதை வாங்கி ஆடும்போது கொக்கி தாங்கும் இழுவை அதைவிட அதிகம். நடுவில் ஒரு ஸ்பிரிங் மாட்டச் சொன்னதும் அவர்தான். கீழ்வீட்டுக்காரர்களின் தூக்கம் ஓரளவு காப்பாற்றப்பட்டது. அதையும் மீறிய சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அந்தக் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் நன்றி.

மெத்தென்ற தடிமனான பாயில் மவாஷி கேரி என்ற சுழல் உதையைப் பழக விடாதீர்கள் என்று எச்சரித்த பிசியோதெரபிஸ்ட்டுக்கு நன்றி. ஊன்றிய பாதம் பாயில் புதைந்து சிக்கிக்கொண்டால் திரும்ப வேண்டியது பாதம், திரும்பிவிடுவது முழங்கால். உதைப் பயிற்சிக்கு துண்டு துண்டாகக் கோத்து விரிக்கும் 20 மில்லிமீட்டர் அழுத்தமான புதிர்ப்பாய் நல்லது. ஊன்றிச் சுழலும் காலின் குதிகாலைச் சற்றே எழுப்ப வேண்டும்.

வீடியோ செயலியில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைக் கண்டுபிடித்துச் சொன்ன பிரவுன் பெல்ட் தம்பிக்கு நன்றி. இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று செயலி எங்கள் கைதட்டலையும் கியாய் என்ற முழக்கத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் தாமதமாகத்தான் போய்ச்சேரும் என்பதால், எல்லார் மைக்கையும் அணைத்துவிட்டு அவரவர் எண்ணிக்கையை அவரவரே உரக்கச் சொல்லச் சொன்னதும் அவர் யோசனைதான். கேமராவை இடுப்பு உயரத்தில் வைத்தவர்கள், விளக்கைப் பிள்ளையின் முன்னால் கொண்டுவந்தவர்கள், ஜன்னலுக்குத் திரை போட்டவர்கள், எல்லாருக்கும் நன்றி. அலமாரி உச்சியில் போனை வைத்தால் கால்கள் குட்டையாகத் தெரியும், முழங்கால் மடிப்பு காணாமல் போகும். வெளிச்சம் குறைந்தால் குத்து வெறும் புகையாகத் தெரியும்.

ஹெய்யான் ஷோடான் என்ற கட்டாவின் (வரிசை மாறாமல் தனியே செய்யும் அசைவுத் தொடரின்) 21 அசைவுகளை இரண்டரை மீட்டர் அறைக்குள் மடித்துச் செய்த பெரியவர்களுக்குத் தனி வணக்கம். மூன்று எட்டு முன்னேறும் இடத்தில், ஒவ்வொரு எட்டுக்குப் பிறகும் காலை நடுப்புள்ளிக்கு இழுத்துக்கொண்டு அடுத்ததை வைத்தீர்கள். கராத்தே ஆசான் இடோசு ஆங்கோ 1900களின் தொடக்கத்தில் ஒகினாவாப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பினான் கட்டாக்களை (இன்றைய ஹெய்யான் கட்டாக்களின் பழைய பெயர்) உருவாக்கியபோது கட்டிலையும் மேசையையும் சுற்றி யாராவது செய்வார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். ஒரே நேர்கோட்டில் பக்கவாட்டில் நகரும் டெக்கி கட்டா இருந்ததோ, சீனியர்கள் பிழைத்தார்களோ.

எதிராளியோடு உள்ள தூரத்தைத் திரையால் சொல்லித்தர முடியவில்லை, இதை ஒளிக்க விரும்பவில்லை. தாளை நூலில் தொங்கவிட்டு, தொடுவதற்கு முன் கையை நிறுத்தப் பழகியவர்களுக்கும் கட்டுப்பாடு வந்ததே தவிர, நகர்ந்து வரும் ஆள் முன்னால் தடுமாறத்தான் செய்கிறார்கள். ஆகவே பெற்றோர்களிடம் ஒரு உறுதி: வீடியோவை மட்டும் பார்த்து இனி யாருக்கும் பெல்ட் தர மாட்டோம். வெட்டாத ஒரே பதிவாக, முன்பக்கம் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை அனுப்பினால் பெல்ட் தேர்வின் கட்டா பகுதியைப் பார்த்து முடித்துவைப்போம். எதிராளியோடு மோதும் குமித்தே பகுதிக்கு நேரில் வர வேண்டும். தூரத்தில் இருப்பவர்கள் வகுப்பு தொடரும், அவர்களுக்காக மூலையில் ஒரு கேமரா நிரந்தரமாக இருக்கும்.

அக்கா, உங்கள் நோட்டை இன்னும் திருப்பித் தரவில்லை. புது மாணவர்கள் பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் முதல் நாளே தோள் அளந்து அதிலேயே எழுதியிருக்கிறோம். உங்கள் மகளுக்கு இப்போது 33. வீட்டில் ஒட்டியதைப் பிய்த்துவிட்டு, நெடுக்கே 66 வைத்து மாற்றி ஒட்டிவிடுங்கள்.

உங்கள் பயிற்றுநர்கள்