மொட்டை மாடிக்குப் போகாமலே கொடுத்த வீட்டு ஆய்வறிக்கை: கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: மடிப்பாக்கம் தனி வீடு – விற்பனைக்கு முந்தைய ஆய்வில் சேவைக் குறைபாடு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மடிப்பாக்கத்தில் 1998இல் கட்டிய எங்கள் மாடி வீட்டை விற்பதற்கு முன் ஒரு தடவை முழுசாகப் பரிசோதித்துவிடலாம் என்று உங்கள் நிறுவனத்தில் பதிவு செய்தேன். கட்டணம் 12,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 14,160. முழுப் பணத்தையும் முன்பே கட்டிவிட்டேன். அறிக்கை கலர் கலராகப் படங்களோடு வந்தது. இல்லாத குறையெல்லாம் அதில் இருக்கிறது, இருக்கிற குறை ஒன்றுகூட இல்லை.

வாங்குகிறவர்தானே ஆள் வைத்துப் பார்ப்பார், விற்கிற உங்களுக்கு எதற்கு என்று உங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55 என்ன சொல்கிறது என்று பாருங்கள். வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாத முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். சட்டத்தை விடுங்கள், பேரம் முடியும் நேரத்தில் ஒரு விரிசலைக் காட்டி விலையை இறக்குவது ஊரறிந்த வழக்கம். நானே முதலில் சொல்லிவிட்டு அதற்கேற்ற விலை வைத்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. அதனால் குறையைச் சொன்னார்கள் என்பது என் புகார் அல்ல.

முதலில் ஹால் சுவர். முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே வந்து நின்ற இடம் அது. உங்கள் பொறியாளர் தம்பி அங்கே இரண்டு ஊசி உள்ள ஈரமானியைக் குத்திப் பார்த்து ‘ஈரப்பதம் 38 சதவீதம், மிக மோசம்’ என்று எழுதியிருக்கிறார். அந்தக் கருவி மின்தடையை அளக்கிறது. அதில் வரும் சதவீதக் கணக்கு மரத்துக்காகப் போட்டது. செங்கல் சுவரில் ஓரிடத்தையும் இன்னோரிடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது உதவும். உப்பு இருக்கும் சுவர் காய்ந்திருந்தாலும் எண் எகிறும். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி, உப்பைச் சுரண்டிவிட்டு, ஒரு பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி விட்டுவைத்தோம். சுவரில் ஈரம் இருந்தால் தாளின் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் பொட்டு ஈரம் இல்லை. ஐந்து ரூபாய் பாலிதீனில் தெரிகிற விஷயம் இது.

அப்புறம் அந்த வெப்பக் கேமரா. படுக்கையறைச் சுவரில் ஒரு நீலத் திட்டைப் படம் எடுத்து ‘உள் நீர்க்கசிவு’ என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். கேமரா காட்டுவது சூட்டையும் குளிர்ச்சியையும்தான், ஈரத்தை அல்ல. ஈரமான இடம் குளிர்ந்திருக்கும், சரி. ஏசி காற்று நேராக அடிக்கும் சுவரும்தான் குளிர்ந்திருக்கும். உங்கள் படத்தின் மேல் மூலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஏசி தெரிகிறது.

இனி விட்டுப்போனதைச் சொல்கிறேன். அறிக்கையில் மொட்டை மாடிக்கு எதிரே ‘ஏற வழியில்லை, பார்க்க இயலவில்லை’ என்று இருக்கிறது. மாடிக்குப் படிக்கட்டு இருக்கிறது. கதவுச் சாவி கதவுக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்குகிறது, என் மனைவி அதைக் காட்டியும் இருக்கிறார். வெயில் அதிகம் என்று தம்பி இறங்கிவிட்டார். சரி, பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே இருந்திருக்கலாம். அதே வரியில் மதிப்பெண் பத்துக்கு ஏழு! பார்க்காத மாடிக்கு ஏழு எங்கிருந்து வந்தது?

வாங்க வந்தவர் கூட்டி வந்த பொறியாளர் நேரே மாடிக்குத்தான் போனார். தட்டோடுகளின் இணைப்பில் சிமென்ட் பெயர்ந்து விரல் நுழையும் அளவு இடைவெளி, மழைநீர்க் குழாயின் வாயில் சருகும் மண்ணும் அடைத்துக்கிடக்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி, அந்த இடைவெளி வழியாகத்தான் இறங்கும். பிறகு பின்பக்கச் சன்ஷேடைச் சுத்தியலால் தட்டினார். பாதி நீளத்துக்குப் பொள்ளல் சத்தம். ஓர் ஓரத்தில் காரை விழுந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. துருப்பிடித்த கம்பி பருத்து மேலே உள்ள காரையைத் தள்ளிவிடும், கீழே ஆள் நின்றால் தலையில் விழும் என்றார். அந்தச் சன்ஷேடுக்குக் கீழேதான் துணி துவைக்கும் கல் இருக்கிறது. உங்கள் அறிக்கையில் பின்பக்கத்துக்கு ஒரு படம்கூட இல்லை.

மின்சாரப் பகுதி இன்னும் அழகு. ‘மின்கசிவுத் துண்டிப்பான் பொத்தானை அழுத்திச் சோதிக்கப்பட்டது, நன்று’ என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கருவியே கிடையாது. பீங்கான் ஃபியூஸ் கட்டைதான் இன்னமும். இல்லாத பொத்தானை அழுத்தியது யார்? லிஃப்ட் குழியில் கசிவில்லை என்றும் ஒரு வரி. லிஃப்டும் கிடையாது. வேறு யாருடைய அறிக்கையிலோ பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்காமல் என்ன செய்வது?

இதையெல்லாம் கவனக்குறைவு என்று விட்டுவிட்டிருப்பேன். ஆனால் அறிக்கை வந்த மறுநாள் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து போன். ஹால் சுவருக்கும் படுக்கையறைக்கும் சேர்த்து 2,40,000 ரூபாய்க்கு விலைப்பட்டியல் அனுப்பினார்கள். அதில் இருந்த படங்கள் உங்கள் கேமராவில் எடுத்தவை. விலைப்பட்டியலின் அடியில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணும் உங்கள் ரசீதில் இருக்கும் எண்ணும் ஒன்றே. வியாதி சொல்கிறவரே மருந்துக்கடையும் வைத்திருந்தால் யார் நம்புவது? பதிவு செய்தபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போதாக்குறைக்கு, அறிக்கை எனக்கு மட்டும் என்று படிவத்தில் குறித்திருந்தும், உங்களைப் பரிந்துரைத்த புரோக்கருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. அவர் வழியாக ‘வீடு முழுக்க ஓதமாம்’ என்று பேச்சு பரவி, பேசி வைத்திருந்த விலையில் மூன்று லட்சம் குறைத்துக் கேட்கிறார்கள். மாடியையும் சன்ஷேடையும் சரிசெய்ய ஆகும் செலவை விலையில் கழித்துக்கொள்ள நான் தயார். காய்ந்த சுவருக்காகக் கழிக்க மாட்டேன்.

இந்த அறிக்கை செல்லாது என்று எழுத்துமூலம் அறிவித்து, அந்தக் கடிதத்தின் பிரதியைப் புரோக்கருக்கும் அனுப்புங்கள். 14,160 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். என் வீட்டுப் படங்களையும் கைபேசி எண்ணையும் யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லி, அவற்றை அழித்துவிட்டதாக உறுதி தாருங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அறிக்கை, ரசீது, விலைப்பட்டியல், மாடி மற்றும் சன்ஷேடு படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். சமாதானமாகக் கசிவுத் தடுப்பு வேலையில் 10 சதவீதம் தள்ளுபடி தருவதாக உங்கள் சேவைப் பிரிவில் போனில் சொன்னார்கள். அது வேண்டாம். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
மடிப்பாக்கம் வீட்டு உரிமையாளர்