குறையும் பாதி எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான குடும்ப மையப் பராமரிப்பு, அதாவது குடும்பத்தையும் கலந்துகொண்டு சிகிச்சை தரும் முறை, அது குறித்த ஆய்வுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'பெற்றோரையே துணைத் தெரபிஸ்டுகளாகப் பழக்கிவிட்டால் மையங்களின் சுமை பாதியாகக் குறையும்' என்று ஒரு வரி. அதற்குக் கட்டம் போட்டுப் பெரிய எழுத்து வேறு. குறைகிற அந்தப் பாதி எங்கே போகும் என்று கட்டுரையாளர் எழுதவில்லை. எனக்குத் தெரியும். 14 வருடமாக அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். அவனுடைய 3 வயதில் ஒரு சிகிச்சை மையத்தில் பயிற்சித் தாள் கொடுத்தார்கள். நகலுக்கு நகல் எடுத்து எடுத்து, படத்தில் குழந்தையின் கால் எது, பிடித்திருக்கிற கை எது என்றே தெரியாது. சிரிப்பு மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. மொத்தம் 12 பயிற்சி, ஒவ்வொன்றும் 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு மணி நேரம். நான் அப்போது வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கோப்பைத் தலைகீழாகவே படித்துவிட்டேன்: 'தாயின் ஒத்துழைப்பு போதாது.' தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தங்களுக்குத் தெரியாததில்லை, இந்தத் துறையில் பல நாடுகளில் பயன்படும் வினாத்தாள் ஒன்றை 1990-களில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். முதலில் 56 கேள்விகள், 2004-இல் 20 ஆகச் சுருங்கியது. அதில் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுவது பெற்றோர். வாங்குவது சிகிச்சை தருபவர்கள். மரியாதையாக நடத்தினார்களா, விவரம் சொன்னார்களா, ஆளுக்கொன்று சொல்லாமல் சேர்ந்து பார்த்தார்களா, முடிவெடுக்கும்போது உங்களையும் கேட்டார்களா என்றுதான் அது கேட்கிறது. பரீட்சை எழுத வேண்டியவர்களைக் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது உங்கள் கட்டுரை. (அந்த வினாத்தாளை நிரப்பித் தருபவர்களும் பெரும்பாலும் அம்மாக்கள்தான். அதற்கும் அவர்களுக்குத்தான் நேரம் இருக்கிறது போலும்.)

அந்த வினாத்தாளை வைத்துச் செய்த பல ஆய்வுகளில் மிகக் குறைந்த மதிப்பெண் விழுவது பொதுவான தகவல் தரும் பகுதிக்கு. ஆச்சரியமில்லை. கை கால் மடங்கிவிடாமல் ராத்திரியில் கட்டிவிடும் ஸ்பிளிண்ட் என்று ஒன்று இருப்பதே காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2009-இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 36 குழந்தைகள். இலக்கு என்ன என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்துவிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள், 8 வாரத்தில் பலன் தெரிந்தது. எங்களுக்கும் அப்படி ஒரு தெரபிஸ்ட் வாய்த்தார், மகனுக்கு 8 வயது ஆனபிறகு. தாளையே எடுக்கவில்லை அவர். "காலையில எழுந்ததுலேருந்து உங்க வீட்ல என்னென்ன நடக்கும், சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். பன்னிரண்டில் பத்து வேண்டாம் என்றுவிட்டார். கால்சட்டை மாட்டும்போது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணும்வரை நிற்கட்டும், அந்தப் பத்துக்கும் பதிலாக அது ஒன்று போதும் என்றார். அப்புறம் அவனிடம் கேட்டார், உனக்கு என்ன பண்ணணும்னு ஆசை என்று. பாத்ரூம் கதவை நானே சாத்திக்கணும் என்றான். எட்டு வருடத்தில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை, நான் உட்பட.

முன்பு ஒரு முறை 'தன்னலமற்ற தாய்மார்கள்' என்று நீங்கள் சிறப்பிதழ் போட்டபோது பேசாமல் இருந்தேன். புகழ்ந்துவிட்டால் ஓய்வு கேட்க மாட்டோம் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அப்போது எழுதியிருக்க வேண்டும்.

சரி, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டத்துக்குள் போட்ட அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம், இரண்டு வரி போதும். கட்டுரையோடு வந்த படத்தில் குழந்தையின் ஸ்பிளிண்டில் வெல்க்ரோ பட்டை கழன்று தொங்குகிறது. மறுபடி அதே படத்தைப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகி